என் நிறைக்கு வாசுகி வைத்த எண்

மோகன் அழைத்தபோது நான் லண்டனில் குட்மேய்ஸ் ஸ்டேஷன் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். காலை வேலைக்குப் போகிற கூட்டம். கைபேசியில் அவர் பெயரைக் கண்டதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மோகன் யாரையும் தானாக அழைக்கிற மனிதர் அல்ல. வீட்டில் தொலைபேசி அடித்தால்கூட மனைவி வாசுகியைத்தான் எடுக்கச் சொல்வார். "பவானி, வாசுகி போயிட்டாங்க," என்றார். எனக்கு வாயில் வந்தது "ஓம்" என்ற ஒரு சொல்தான், எங்கள் பேச்சில் "ஆமாம்". ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தால் நடைவழியில், கோட்டு மாட்டும் கொழுவிக்குக் கீழே, வாசுகியின் அந்த நீல ஸ்கீச் சோடி, பனியில் சறுக்குகிற இரண்டு பலகைகள், சுவரில் சாய்ந்து நின்றது. அதைக் கண்ட பிறகுதான் அழுகை வந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களில் பலர் டொக்டர் வாசுகியைப் பல் வைத்தியராகத்தான் அறிவீர்கள். சவுத்தாலில் அவருடைய நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பாதிப்பேராவது இருப்பீர்கள். மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர், இங்கே படிக்க வந்தவர், வெம்பிளியில் வீடு வாங்கி நிலைத்தவர். அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய கைராசியைப் பற்றிப் பேசினார்கள். தேவாரப் போட்டிக்கு நடுவராக வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு கொடுத்துவிட்டுப் போனதைப் பற்றியும் பேசினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஸ்கீயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை விட்டுவிட்டு வாசுகியைப் பற்றிப் பேசுவது உப்புப் போடாமல் கறி வைப்பது போன்றது. எனக்கு அன்று மேடையில் பேசத் தைரியம் இருக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சிநேகிதம் என் கடைவாய்ப்பல்லில் தொடங்கியது. விறைப்பூசி போட்டுவிட்டு, இரண்டு கையும் என் வாய்க்குள் இருக்க, "நீங்க என்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார். பல் வைத்தியர்களுக்கே உரிய கேள்வி, பதில் சொல்ல முடியாத நேரத்தில்தான் கேட்பார்கள். பல் வெளியே வந்த பிறகு, கோணிய வாயால், கவுன்சிலில் வேலை என்றேன். வீட்டுக்குப் பின்னால் அறை கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களின் வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலை. அவர் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களுக்கு மில்லிமீட்டரோட அரும தெரியும்," என்றார். அது எதற்கான முன்னுரை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அவருடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் ஸ்கீ பழக மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். திரும்பி வந்தவன் வாய் ஓயாமல் அதையே கதைத்தானாம். "பசங்களுக்கு மட்டும்தானா? நமக்கு என்னா, காலு இல்லையா?" என்று ஐம்பதை நெருங்கிய வயதில் வாசுகி கிளம்பிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். லண்டனுக்கு வெளியே செயற்கைச் சரிவு ஒன்றில் நான் விழுந்த விழுகைகளைப் பற்றி அவர் பல சபைகளில் விவரித்திருக்கிறார், ஆகவே இங்கே வேண்டாம். இரண்டாம் வருடம் சொந்தமாக ஸ்கீ வேண்டும் என்றார். புதிது அல்ல, யாரோ பாவித்தது. பைண்டிங்கையும் தானே பூட்டப் போகிறாராம். கடைக்காரன் செய்து தருவானே என்றேன். "துளை போடுறது என் தொழிலு. அதுக்கு நான் ஏன் இன்னொருத்தன்கிட்ட போகணும்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால் சொல்லட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கீ என்பது நீளமான மெல்லிய பலகை. சப்பாத்தை அதில் பிடித்து வைக்கிற பூட்டுத்தான் பைண்டிங், விரல் பக்கம் ஒன்று, குதிகால் பக்கம் ஒன்று. கை மாறிய ஸ்கீயில் முன்னைய சொந்தக்காரரின் காலுக்குப் போட்ட துளைகள் இருக்கும். அவற்றைப் பசை வைத்து அடைத்துவிட்டு, நடுக்கோடு கீறி, நம்முடைய சப்பாத்தின் நீளத்துக்கு அளந்து புதுத் துளை போட வேண்டும். பலகையின் கனம் ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. கொஞ்சம் ஆழம் கூடினால் டிரில் அடியால் வெளியே வந்துவிடும்.

முதற்சோடியில் வந்தது. ஆழம் தெரிவதற்காக டிரில்லின் அலகில் பச்சை டேப் சுற்றியிருந்தார். அந்த டேப் சூட்டில் மெல்ல மேலே நகர்ந்ததை நாங்கள் இருவருமே காணவில்லை. சத்தம் மாறியது. வாசுகி டிரில்லை நிறுத்திவிட்டு, பலகையைப் புரட்டினார். வழுவழுவென்ற அடிப்பக்கத்தில் வட்டமாக ஒரு துளை. இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியின் பல்லில்கூட இப்படிப் போனதில்லை என்று அவர் முகம் சொன்னது. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாதகமில்லை வாசுகி, பலகைக்குப் பொட்டு வைச்சிட்டீர்," என்றேன். டிரில்லாலேயே என்னை எறிவார் போலப் பார்த்தார், பிறகு அவர் வீட்டுக் கராஜின் தரையில் குந்திச் சிரிக்கத் தொடங்கினார். மைலோ கரைத்துக் கொண்டுவந்த மோகன், இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் மரத்தூளில் இருந்து கண்ணீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, கோப்பைகளை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. "அளந்தவ கண்ண நம்பக்கூடாது, அடுத்தவ கண்ணு ஒரு தடவ பாக்கணும்," என்பார். அவர் அளந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் அதைப் பார்க்காமல் திரும்ப அளந்து சொல்வேன். இரண்டும் ஒன்றானால் நான் "ஓம்" சொல்ல வேண்டும். "உங்க ஓம் வராம நான் டிரில்ல தொட மாட்டேன்லா," என்பார், ஈப்போவின் "லா"வை விடாமல். நான் அவரை "நீர்" என்று அழைப்பதிலும் அவருக்கு ஒரு வேடிக்கை. "நீர் வாரும், நீர் இரும்னு கூப்பிடறப்ப எனக்கு கிரீடம் வச்ச மாதிரியே இருக்கு பவானி," என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தக் கராஜில் அப்படிப் போயின. எங்களுக்கும், எங்களோடு மலைக்கு வந்த சிநேகிதர்களுக்கும் பூட்டிக் கொடுத்தோம். பூட்டியவற்றைக் கடையில் கொடுத்துச் சோதித்துத்தான் பனியில் வைப்போம். அதில் மட்டும் வாசுகிக்கு வீம்பு கிடையாது.

துளையைவிட அவர் பெரிதாக எடுத்துக்கொண்டது கடைசி வேலையை. பைண்டிங்கில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. விழும்போது அது சப்பாத்தை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதற்கு ஒரு எண். திருப்புளியால் திருகினால் சின்னக் கண்ணாடிக்குள் அந்த எண் நகரும். ஆளின் நிறை, உயரம், வயது எல்லாம் ஒரு அட்டவணையில் பார்த்துத்தான் எண்ணை வைக்க வேண்டும். "பிடிக்கிறது பெரிசு இல்ல. விழறப்ப விடணும். விடலைன்னா முழங்காலு போயிடும்," என்பார். யாராவது இதை வாழ்க்கைத் தத்துவமாக மாற்றி மேடையில் பேசினால் வாசுகி எழுந்து வந்து திட்டுவார். அவர் சொன்னது முழங்காலைப் பற்றித்தான்.

என் நிறையைக் கேட்டபோது நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன், யார்தான் சொல்லமாட்டார்கள். தினமும் இரண்டு தரம் பல் தீட்டுகிறேன் என்று சொல்கிற நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய், குளியலறையில் இருந்த நிறை பார்க்கும் மெஷினைத் தூக்கிவந்து கராஜ் தரையில் வைத்தார். "ஏறுங்க. ஸ்பிரிங்குக்கு வெக்கம் கிடையாது," என்றார்.

போன இலையுதிர் காலத்தில் அந்த நீலச் சோடி வந்தது. யாரோ விற்றதை அவர் போய் வாங்கிவந்து, புடவைக் கரையைத் தடவுவதுபோல ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். துளை போட எல்லாம் ஆயத்தம். அதற்கு முன்னர், எந்த எண் வரும் என்று பார்ப்போமே என்று, அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு நிறை என்ன என்று கேட்டேன். சொன்னார். வழக்கப்படி நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பிழையாச் சொல்லுறீர். உம்மட நிறை இது இல்லையே," என்றேன்.

"இப்ப இதான் பவானி."

"என்ன விளையாட்டு? மெஷினைக் கொண்டு வாறன், ஏறும்."

"ஏறிட்டேன். தினம் ஏறிப் பாக்கறேன்," என்றார். பிறகு, பல்லில் சொத்தை இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், வயிற்றில் புற்றுநோய் என்றும், கண்டுபிடிக்கப் பிந்திவிட்டது என்றும், மோகனுக்கும் மகனுக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றும் சொன்னார்.

நான் அட்டவணையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதேன். "அழாதீங்க, கை ஆடும். துளை எல்லாம் போட்டு முடிச்சிட்டு சேந்து அழலாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானே போடப் போறது இது. இதுல ஒரு தடவ நான் இறங்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்," என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. வாசுகி எதற்காகவும் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு அளந்தேன். அவர் சொன்னார், நான் சொன்னேன், "ஓம்" என்றேன். அன்று போட்ட துளைகளில் ஒன்றுகூட மயிரிழை விலகவில்லை.

அதற்குப் பிறகு மருந்து ஏறுகிற கிழமையும் ஆறுகிற கிழமையுமாக மாதங்கள் போயின. நடுவில் வெம்பிளியில் ஒரு மண்டபத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. வராதீர் என்றேன், கேட்கவில்லை. நம்முடைய சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வணக்கம் சொல்வதற்கு முன்னர் ஆளின் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். "என்ன டொக்டர், நல்லா மெலிஞ்சிட்டியள்! பத்து வயசு குறைஞ்ச மாதிரி!" என்று ஒருவர். "எந்தச் சாப்பாட்டை விட்டனீங்கள்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்," என்று இன்னொருவர். இடுப்பைப் பிடித்துப் பார்த்தார்கள், சேலை இப்போதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருவரிலும் எனக்குக் கோபம் இல்லை, ஆனாலும் அன்று அந்த மண்டபத்தைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருந்ததால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாசுகி ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே, "ஸ்கீயிங் போறேன்லா, அதான்," என்று சொன்னார். எங்கே பழகலாம் என்று விலாசம் கேட்டவர்களும் உண்டு. காரில் ஏறி மோகன் கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பை இறக்கி வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்தார்.

வசந்தத்தில் வைத்தியர்கள் ஒரு சின்ன இடைவெளி கொடுத்தார்கள். மலைக்குப் போக உடம்பு இடம் கொடுக்காது. ஆகவே பெரிய கொட்டகைக்குள் பனி கொட்டி வைத்திருக்கிற ஒரு சறுக்கு இடத்துக்கு மோகன் காரை ஓட்டினார். நிறை இன்னும் இறங்கியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் முழங்காலில் நின்று எண்ணைக் குறைத்தேன். அவர் காருக்குள் இருந்தபடி எண்ணைச் சொன்னார், நான் கண்ணாடிக்குள் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு வைக்கிற எண் அது. "ஓம்" என்று சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை. "சத்தமா," என்றார் வாசுகி.

மிகச் சின்னச் சரிவு, தொடக்கக்காரர்களுக்கானது. நான் அருகிலேயே இறங்கினேன். வாசுகி மெதுவாக, அழகாக வளைந்து வளைந்து வந்தார். முகத்தில் வெயில் பட்டது போன்ற ஒரு வெளிச்சம். சரிவின் அடிக்குக் கொஞ்சம் மேலே கால் தளர்ந்து பக்கவாட்டில் சரிந்தார். நான் பக்கத்தில் போய் நிற்கும்போது அவர் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்கீ தனியாகக் கழன்று தள்ளிக் கிடந்தது. "பாத்தீங்களா? விட்டுருச்சு! காலு நல்லா இருக்கு பவானி, கரெக்டா விட்டுருச்சு! நான் போட்டதுலா!" கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தேநீரோடு நின்ற மோகன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். அதன் பிறகு வாசுகி பனியில் நிற்கவில்லை.

கோடை முடிகிற நேரம் மோகன் முன்னறையில் கட்டிலைப் போட்டுவிட்டார். ஒரு நாள் பின்னேரம் நான் போனபோது வாசுகி என்னைப் பசியாறியாச்சா என்று கேட்டார், பிறகு கராஜிலிருந்து நீலச் சோடியை எடுத்து வரச் சொன்னார். கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தேன்.

"இது உங்களுக்கு. சப்பாத்துக்கு குதிப் பக்கத்த கொஞ்சம் நகத்தினா போதும், பாத்துட்டேன். ஆனா என் நம்பர்ல ஓட்டக்கூடாது. உங்க கனத்துக்கு நின்ன இடத்துலயே கழண்டுக்கும். மாத்திக்கோங்க."

"பிறகு மாத்துறன்."

"இப்ப. நான் பாக்கணும்."

"எனக்கு ஏலாது வாசுகி. உம்மட நம்பரை என்ர கையால அழிக்க ஏலாது."

"இதுல யாரோ இறங்கணும் பவானி. சுவத்துல மாட்டி மால போடவா நான் துளை போட்டேன்?" என்றார். பிறகு மோகனைக் கூப்பிட்டு நிறை மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

எலும்பும் தோலுமாகக் கிடக்கிற சிநேகிதியின் முன்னால் நான் அந்த மெஷினில் ஏறி நின்றேன். எண்ணைச் சொன்னேன், இந்த முறை குறைக்காமல். "போன வருஷத்த விட கூடியிருக்கு. நல்லது, நல்லது," என்றார். என் நிறை கூடியதற்கு ஒருவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

திருப்புளியை அவரே வாங்கிக்கொண்டார். எத்தனை பேருடைய பிடிவாதமான பற்களை அசைத்து எடுத்த கை. ஸ்பிரிங் அசையவில்லை. இரண்டாம் முறையும் முயன்றார். மோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். இருவருமாகத் திருகினோம். அவர் கை சூடாக இருந்தது, உள்ளே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கண்ணாடிக்குள் அந்தச் சின்ன எண் மேலே ஏறி என் எண்ணுக்கு வந்தது. நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்தது, இப்போது எண்ணைச் சொன்னவள் நான், பார்க்க வேண்டிய அடுத்த கண் அவருடையது.

வாசுகி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தார். "ஓம்," என்றார். பிறந்ததிலிருந்து "ஆமா" என்று சொல்லிப் பழகிய நாக்கு. விரல் பக்கம், குதிப் பக்கம், மற்றப் பலகை என்று ஒவ்வொன்றையும் திருகினோம், ஒவ்வொன்றுக்கும் அவர் பார்த்து "ஓம்" சொன்னார். பிறகு திருப்புளியை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். அதற்குப் பிறகு நான் போன நாட்களில் அவர் பெரும்பாலும் மயக்கத்தில் இருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெம்பிளி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் என்னோடு பேச வந்த ஒரு பெண்மணி, பாவம், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "பவானி, நல்லா மெலிஞ்சு போனீங்கள்," என்றார். சேலை எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து நேரே மெஷினில் ஏறினேன். அவர் சொன்னது சரி. மோகன் அழைத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, நிறை இறங்கியிருந்தது. நடைவழியில் போய் அந்த நீலச் சோடிக்கு முன்னால் நின்றேன். இன்னும் கொஞ்சம் குறைந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும், வாசுகி சொல்லித் தந்த சட்டப்படி வேறு வழி கிடையாது. குறைத்தால், எங்கள் இரண்டு கையும் சேர்ந்து வைத்த எண் போய்விடும். புது எண்ணைப் பார்த்து "ஓம்" சொல்ல ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு சோடி பலகையும் ஒரு திருப்புளியும் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நான் வைத்துக் காக்க வேண்டியது என் உடம்பில் இருக்கிறது. அன்று பின்னேரம் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு போட்டேன், பருப்பும் ஒரு முட்டையும் வைத்தேன். முதற் பிடியைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாம் பிடியையும் இறக்கினேன். பனிக்காலம் வருகிறது, வாசுகி. நான் சாப்பிடுகிறேன்.